முதல் ஒரு மணித்தியாலம்

கல்லூரியொன்று யூபிலி விழாக் கொண்டாடுங்கால், அது நாட்டுக்கு ஈந்த நன்மக்களை எண்ணிப் பார்த்தல் மரபு. அங்ஙனம் எண்ணும்போது, வைத்தியத் துறையிற் புகழீட்டிய பழைய மாணவர் பெயர்கள் முன்வரிசையில் நிற்றலைக் காண்கின்றோம். இருதய நிபுணர், நரம்பியல் நிபுணர், சத்திரசிகிச்சை நிபுணர் என அவர்தம் சிறப்புக்களைக் கேட்க உள்ளம் பூரிக்கின்றது. அப்பெருமை தக்கதே. ஆயினும், அவ்வரிசையிற் பெரும்பாலும் இடம்பெறாத ஒருவரைப் பற்றியே ஈண்டு எழுத முற்பட்டோம். அவர்தாம் பொது வைத்தியர். நள்ளிரவில் மூச்சுத் திணறி வரும் நோயாளியை முதன்முதற் காண்பவர் அவரே.

நமது குடாநாட்டின் நிலையைச் சிறிது நோக்குவோம். பல்துறை நிபுணரும் அவர்க்கு வேண்டிய கருவிகளும் மிகுதியாக உள்ள இடம் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை. தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் உள. இவற்றுக்கு அப்பால் ஊர்தோறும் சிறிய வைத்தியசாலைகள். பெரியாஸ்பத்திரியாயினும் சிற்றாஸ்பத்திரியாயினும், இரவு முழுவதும் விடுதியில் விழித்திருப்பவர் பெரும்பாலும் நிபுணப் பட்டம் பெறாத இளம் வைத்தியரும் தாதியருமே. நிபுணர் வந்து சேருமுன், அல்லது நோயாளி நிபுணரிடம் போய்ச் சேருமுன், ஒரு மணித்தியாலம் கழிந்துவிடுகின்றது. அந்த ஒரு மணித்தியாலத்திற் செய்யப்படுவனவே பல வேளைகளில் உயிரையும் சாவையும் தீர்மானிக்கின்றன. அவை பெரும்பாலும் எளிய கடமைகள். காலந் தவறாது செய்யப்படல் வேண்டும் என்பதே அவற்றின் அருமை.

டெங்குக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். மாரிமழையோடு வரும் இந்நோயிற் காய்ச்சல் தணியும் வேளையிலேயே ஆபத்துத் தொடங்குகின்றது. 24 முதல் 48 மணித்தியாலம் வரை குருதியின் நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து கசிகின்றது. நீர் குறைவாகக் கொடுத்தால் நோயாளி அதிர்ச்சி நிலையில் வீழ்வார். மிகையாகக் கொடுத்தால் நுரையீரலில் நீர் நிறையும். இதனைக் கடப்பதற்கு மணிக்கொருமுறை நாடி, குருதியமுக்கம், சிறுநீரின் அளவு ஆகியவற்றையும், சில மணித்தியாலங்களுக்கொருமுறை குருதியின் செறிவையும் பார்த்துக் குறித்து, அதற்கேற்ப நீரைக் கூட்டியும் குறைத்தும் வருதல் வேண்டும். நோயாளியின் கட்டிலை விட்டகலாத வைத்தியர் ஒருவரும் தாதி ஒருவரும் இதற்குப் போதும். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திற் கூறிய நான்கு உறுப்புக்களில், அருகிருந்து பேணுபவரும் ஒருவராக வைக்கப்பட்டமை எண்ணற்பாலது.

2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த பெருவெள்ளம் வடிந்தபின், டிசம்பர் மாதத்தில் வடமராட்சியிற் காய்ச்சலும் மூச்சுத் திணறலுங் கண்டு பலர் வைத்தியசாலைகளை நாடினர், சிலர் மாண்டனர். இன்ன நோயென அறியாது மக்கள் கலங்கினர். பின்னர் அது எலிக்காய்ச்சல் எனப் பரிசோதனையால் உறுதியாயிற்று. இந்நோய்க்குரிய மருந்துகளோ பழமையானவை, விலை குறைந்தவை. பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராது, வயலிலும் வெள்ளத்திலும் நின்றவரா என வினவி, ஐயம் எழுந்தவுடனே மருந்தைத் தொடங்குதல் பொது வைத்தியரின் கையிலுள்ளது.

பாம்புக்கடி மற்றொன்று. எட்டடி விரியன் தரையிற் படுத்துறங்குவோரை இரவிற் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. விடியுமுன் இமைகள் சோரும், விழுங்குதல் அரிதாகும், ஈற்றில் மூச்சுத் தசைகள் ஓயும். தசைகள் செயலிழந்தபின் விஷமுறி மருந்து அவற்றை உடனே மீட்பதில்லை. ஆயின், நோயாளிக்காக நாம் மூச்சைக் கொடுத்துக்கொண்டேயிருப்பின், சில நாட்களில் அவை தாமே மீளும். மூச்சியந்திரம் கிடைக்கும்வரை, கையால் அமுக்கும் பை ஒன்றும் சோராத கைகள் இரண்டும் அந்த உயிரைத் தாங்கவல்லன.

இது கற்பனையன்று என்பதற்கு உலக வரலாறு சான்று. 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவிற்று. மூச்சுத் தசைகள் ஓய்ந்தோர் நூற்றுவரில் 80 பேருக்கு மேல் இறந்தனர். பியோர்ன் இப்சன் என்னும் மயக்கமருந்து நிபுணர், தொண்டையில் துளையிட்டு இறப்பர்ப் பையால் மூச்சூட்டும் வழியைக் காட்டினார். இயந்திரங்கள் போதாமையால் ஏறக்குறைய 1,500 வைத்திய மாணவர் முறைவைத்து இரவு பகலாகப் பையை அமுக்கினர். மரணம் பாதிக்குங் கீழே தாழ்ந்தது. இன்றைய தீவிர சிகிச்சைத்துறை அங்கிருந்தே பிறந்தது என்பர். வழிகாட்டியவர் நிபுணர், உயிர்காத்த கைகளோ மாணவருடையவை. நிபுணர்க்கும் ஏனையோர்க்கும் இருக்கவேண்டிய உறவு இதுவன்றோ?

நமது மண்ணிலும் இதற்கொத்த முன்னுதாரணம் உண்டு. 1847ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நம்மவர்க்கு மேலைத்தேய வைத்தியம் பயிற்றினார். பிற்காலத்தில் தமிழிலேயே கற்பித்தார்; உடற்கூறு, சத்திரசிகிச்சை, பிரசவம் முதலிய துறைகளின் நூல்களையும் தமிழிற் கொணர்ந்தார். ஆங்கிலத்திற் கற்றோர் உத்தியோகம் நாடி வேற்றிடஞ் செல்வர், தமிழிற் கற்றோர் ஊரிலே தங்கி ஊரவர்க்கு உதவுவர் என்பது அவர் கருத்து. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப்பின் வைத்தியர் பலர் நாட்டை விட்டகன்ற இந்நாளில், அவர் அன்று கண்ட பிரச்சினை மீண்டும் நம் வாயிலில் நிற்கின்றது.

"சிறிய குடாநாட்டில் இத்துணைக் கவலை எதற்கு? நேரே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லலாமே" எனச் சிலர் கூறுவர். அடைபட்ட இருதய நாளம், மூளையில் இரத்தக்கசிவு, செயலிழந்த சிறுநீரகம் போன்றவற்றுக்கு நிபுணரே வேண்டும் என்பதை நாமும் ஒப்புகின்றோம். தன் எல்லையை அறிந்து காலத்தே உதவி கோருதல் பொது வைத்தியரின் தலையாய திறமைகளுள் ஒன்று. 2018ஆம் ஆண்டு யூலையில் யாழ்ப்பாணத்திற் தொடங்கப்பெற்ற 1990 இலவச அம்புலன்ஸ் சேவையும் பேருதவியே. ஆயினும் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் 30 கிலோமீற்றருக்கு மேல். நெடுந்தீவாருக்கோ குறிகட்டுவான்வரை கடல், அதன்பின்னரே தரைவழி. மூச்சு நின்ற மூளை தாங்குவது சில நிமிடங்களே. ஆதலின் அனுப்புமுன் மூச்சுவழியைக் காத்து, ஒட்சிசனும் மருந்தும் ஏற்றி, தொலைபேசியில் அறிவித்து, துணையோடு அனுப்புதல் சிகிச்சை; ஒன்றுஞ் செய்யாது அனுப்புதல் கைகழுவுதல்.

அவ்வாறு கைகழுவும் மனப்பான்மை இளம் வைத்தியரிடம் வளர்வதை நாம் கவலையோடு நோக்குகின்றோம். அதற்கு அவர்களை மட்டும் குறைகூறல் முறையன்று. தொட்ட நோயாளி இறந்தால் வசையும் வழக்கும் வரும். தொடாது அனுப்பினால் கேட்பாரில்லை. நள்ளிரவில் ஆலோசனை கேட்டவர் கடிந்துரைக்கப்படுதலும் உண்டு. இந்நிலை மாறாவிடின், எத்தனை நிபுணரை உருவாக்கினும் முதல் மணித்தியாலம் வெறிதே கழியும்.

ஆகவே சில வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். கடல்கடந்து வாழும் பழைய மாணவர் ஊர் வைத்தியசாலைகளுக்கு உதவ முன்வருகின்றனர். அவர்க்கு நம் நன்றி. உதிரிப்பாகமின்றி உறங்கக்கூடிய பெரும் இயந்திரத்தினும், மூச்சுப்பைகளும் ஒட்சிசன் அளவுமானிகளும், அவற்றைப் பழுதுபார்ப்போரும், வைத்தியர்க்கும் தாதியர்க்கும் ஆண்டுதோறும் நடைபெறும் செய்முறைப் பயிற்சியுமே மேலான கொடை. விடுமுறையில் வரும் நிபுணர் ஒரு மாலைப் பொழுதை அப்பயிற்சிக்கு ஈவாராக. உள்ளூர் நிபுணர் நள்ளிரவு அழைப்பைப் பொறுமையோடு ஏற்பாராக. ஊரவர், முயன்றும் தோற்ற வைத்தியரை முயலாதவரினும் மேலாக மதிப்பாராக.

இறுதியாக, வைத்தியக் கல்வியை நாடும் மாணவத் தம்பிமார்க்கு ஒரு வார்த்தை. நிபுணராதல் நல்ல இலட்சியம், அதனை நாடுக. ஆயினும் பொது வைத்தியராய் ஊரில் நிற்றலைத் தோல்வியென ஒருபோதும் எண்ணற்க. அடுத்த யூபிலி மலரின் பெருமைப் பட்டியலில், தீவகத்தின் சிற்றாஸ்பத்திரியொன்றில் விழித்திருந்து உயிர்காத்த பழைய மாணவர் பெயரும் நிபுணர் பெயர்க்கு அருகே அச்சேறுமாக.