விளையாட்டுக்கு என்ன விலை?



பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லுங்கால், அண்மை ஆண்டுகளில் பெற்றோர் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு. "சாமி, பையன் வீடியோ கேம் வேண்டுமென்று அடம் பிடிக்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா, கூடாதா?" என்பதே அது. ஆம் என்றோ கூடாது என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிட்டு எழுந்து வருவது எளிது. ஆயினும் அந்த ஒரு சொல் அக்குடும்பத்துக்குப் பயன்படாது. ஆகவே இம்மாதம் வேறொரு வினாவை முன்வைக்க விழைகிறோம். அவ்விளையாட்டின் விலைதான் என்ன? அதைச் செலுத்துவது யார்? எதைக் கொண்டு செலுத்துகிறார்கள்?

விளையாடுவதே பாவம் என்று திருச்சபை ஒருநாளும் போதித்ததில்லை. உழைத்துக் களைத்த உடலுக்கு ஓய்வு வேண்டியதுபோல், சிந்தித்துக் களைத்த உள்ளத்துக்கு விளையாட்டு வேண்டும் என்றும், அளவோடு விளையாடத் தெரிந்திருப்பது ஒரு நற்பண்பே என்றும் புனித தோமா அக்குவினார் தம் இறையியல் பெருநூலில் நிறுவியுள்ளார். மீட்படைந்த எருசலேமைக் கனவு கண்ட செக்கரியா இறைவாக்கினரும், சிறுவரும் சிறுமியரும் விளையாடும் தெருக்களையன்றோ அந்நகரின் அழகாகக் கண்டார்! எனவே பிள்ளை விளையாட விரும்புவதில் குற்றமில்லை. அந்த விருப்பத்தின் மேல் உலகச் சந்தை கட்டும் விலைச்சீட்டைத்தான் நாம் உற்று நோக்க வேண்டும்.

சோனி நிறுவனத்தின் 'பிளேஸ்டேஷன் 5' என்னும் விளையாட்டுப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அது 2020 நவம்பரில் அமெரிக்காவில் 499 டாலருக்கும், இங்கிலாந்தில் 449.99 பவுனுக்கும், ஜப்பானில் வரி நீங்கலாக 49,980 யென்னுக்கும் விற்பனைக்கு வந்தது. இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். ஜப்பானின் எண்ணும் நம் எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைப் பாருங்கள். எண் ஒன்றாயினும் சுமை ஒன்றா?

எந்தப் பொருளின் விலையையும் நாணயத்தால் அளப்பதைவிட நாள் கூலியால் அளப்பதே உண்மையான அளவை. அந்நாளில் அமெரிக்க நடுவண் அரசு விதித்திருந்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். எட்டு மணி நேரம் ஒரு நாள் வேலை என்று கொண்டால், அங்கே மிகக் குறைந்த கூலி பெறும் தொழிலாளியும் ஒன்பது நாளுக்குள் அப்பெட்டியின் விலையை ஈட்டிவிடலாம். இங்கிலாந்தில் ஊதியம் மணிக்கு 8.72 பவுன், ஏறத்தாழ ஆறரை நாள். ஜப்பானில் நாடு முழுவதற்குமான சராசரிக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 902 யென். ஏறத்தாழ ஏழு நாள்.

இனி நம் பக்கம் வருவோம். வாசுதேவநல்லூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நூறு நாள் வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கு 2020-21ஆம் நிதியாண்டில் தமிழ்நாட்டுக்கென அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 256 ரூபாய். அந்தக் கூலியில் 49,990 ரூபாய் சேர்க்க ஏறத்தாழ 195 நாள் உழைக்க வேண்டும். அத்திட்டமோ ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் நூறு நாளுக்குத்தான் உறுதி கூறியது. அதாவது, ஒரு குடும்பம் உண்ணாமல் உடுத்தாமல் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக் கூலியையும் அப்படியே எடுத்து வைத்தால்தான் அப்பெட்டி வீட்டுக்கு வரும். நம்மிடையே இதைவிடக் கூடுதலாக ஈட்டுவோர் பலர் உண்டு, மெய்தான். எனினும் அரசே நிர்ணயித்த கூலியைக் கொண்டு அங்கும் இங்கும் அளந்தால் கிடைக்கும் கணக்கு இதுவே.

பெட்டி மட்டும் போதாது. அதில் இட்டு விளையாடும் தட்டும் வேண்டும். புதிதாக வெளிவந்த பெரிய விளையாட்டுகள் அமெரிக்காவில் 69.99 டாலருக்கும் இந்தியாவில் 4,999 ரூபாய்க்கும் விற்கப்பட்டன. அங்கே பத்து மணி நேர உழைப்பு. இங்கே ஏறத்தாழ இருபது நாள் உழைப்பு.

இவ்வளவு வேற்றுமை ஏன்? முதற் காரணம் கூலி வேற்றுமை. அடுத்த காரணம் வரியும் வாணிபமும். 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறத்தாழ 73 ரூபாய். அக்கணக்கில் 499 டாலர் என்பது சுமார் 36,400 ரூபாயே. ஆனால் நம் நாட்டில் விலை 49,990 ரூபாய். சுங்கவரி, போக்குவரத்து, விற்பனையாளர் பங்கு, இவற்றின்மேல் ஜி.எஸ்.டி. எனப் பல சேர்ந்து, குறைந்த கூலி பெறும் நாடு கூடுதல் விலையும் கொடுக்க நேர்ந்தது. அந்த ஜி.எஸ்.டி.கூட முதலில் 28 விழுக்காடாக இருந்து, 2018 டிசம்பரில் கூடிய மன்றத்தின் முடிவால்தான் 18 விழுக்காடாகக் குறைந்தது.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் பிரேசில் நாட்டில் 2013ஆம் ஆண்டு, இப்பெட்டியின் முந்தைய வடிவமான 'பிளேஸ்டேஷன் 4' 3,999 ரெயால் என அறிவிக்கப்பட்டபோது அந்நாடே அதிர்ந்தது. அவ்வாண்டு அங்கே குறைந்தபட்ச மாத ஊதியம் 678 ரெயால். ஆறு மாத ஊதியம் ஒரு விளையாட்டுப் பெட்டிக்கு! அதே பெட்டி அமெரிக்காவில் 399 டாலர். விலையின் பெரும்பகுதி இறக்குமதி வரிகளே என்று நிறுவனம் விளக்கம் கூறிற்று. காரணம் எதுவாயினும், கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்ற சிறுவனின் ஏக்கம் ஒன்றுதான்.

எருசலேம் ஆலயத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருந்த நம் ஆண்டவரை இங்கே நினைவுகூர்வோம். செல்வர் பலர் மிகுதியாகப் போட்டனர். ஏழைக் கைம்பெண் ஒருத்தி இரண்டு செப்புக் காசுகளைப் போட்டாள். ஆண்டவர் காசின் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. காசைப் போட்ட பின் அவளிடம் எஞ்சியது என்ன என்பதைப் பார்த்தார். நாம் மேலே கணக்கிட்டதும் அந்த முறைதான். கடைக்காரர் பார்ப்பது பணத்தின் எண்ணை. இறைவன் பார்ப்பது பணத்தின் பின்னாலுள்ள வியர்வையை.

வணிக உலகிலும் இவ்வுண்மை சிலருக்குப் புலப்படாமல் இல்லை. கணினி விளையாட்டுகளை இணைய வழியே விற்கும் 'ஸ்டீம்' என்னும் அங்காடி, நாட்டுக்கு நாடு வேறு வேறு விலை வைக்கும் வழக்கத்தைக் கொண்டது. 2015 நவம்பர் முதல் அது இந்தியருக்கு ரூபாயிலேயே விற்கத் தொடங்கியது. பல விளையாட்டுகள் டாலர் விலையைவிடக் குறைவாகவே கிடைத்தன. அர்ஜென்டினாவிலும் துருக்கியிலும் விலை இன்னும் குறைவு. ஆனால் நடந்தது என்ன? வசதி படைத்த நாடுகளில் வாழ்வோர் சிலர், தாங்கள் அவ்விரு நாடுகளில் இருப்பதாகப் பொய்யாகக் காட்டி, ஏழைகளுக்கென வைத்த விலையில் வாங்கிக் குவித்தனர். இதைத் தடுக்க 2021இல் அந்நிறுவனம் கட்டுப்பாடுகளை விதித்தது. 2023 நவம்பரிலோ, நாணய மதிப்பின் ஏற்ற இறக்கத்தைக் காரணங்காட்டி, அவ்விரு நாடுகளுக்கும் உள்நாட்டு நாணய விலையையே நீக்கி டாலருக்கு மாற்றிவிட்டது. அங்குள்ள இளைஞர் பலருக்கு விலைகள் ஒரே நாளில் பன்மடங்கு உயர்ந்தன. நாணயச் சரிவு பெருங்காரணமாயிருக்கலாம். ஆயினும் இல்லாதவனுக்கு வைத்த பந்தியில் இருப்பவன் அமர்ந்து உண்பது எத்தகைய அநீதி என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

விலை எட்டாத இடத்தில் நகல் முளைக்கும். தொண்ணூறுகளில் நம் வீடுகளில் தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடிய மலிவான பெட்டிகளையும் 'கேசட்'டுகளையும் இன்றைய தந்தையர் மறந்திருக்கமாட்டார்கள். அவற்றுட் பல ஜப்பானிய நிறுவனமொன்று 1983இல் வெளியிட்ட பெட்டியின் நகல்களே. பிறர் உழைப்பில் விளைந்ததை உரிமையின்றிப் படியெடுப்பது ஏழாம் கட்டளைக்கு மாறானது என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், நியாயமான விலையைப் பற்றியும் அதே தோமா அக்குவினார் எழுதியிருக்கிறார் என்பதை விற்போர் மறத்தலாகாது. வாங்குவோருக்கு ஓர் ஒழுக்கம் இருப்பதுபோல் விற்போருக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு.

இனிமேல்தான் பெற்றோர் மிகக் கூர்ந்து கவனிக்க வேண்டிய பகுதி வருகிறது. "எங்கள் வீட்டில் அந்தப் பெட்டியெல்லாம் இல்லை சாமி. பையன் கைப்பேசியில் இலவசமாகத்தான் விளையாடுகிறான்" என்று நிம்மதியோடு கூறுவோர் உளர். 2016க்குப் பின் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்ததால், பெட்டி எட்டாத நம் பிள்ளைகளுக்குக் கைப்பேசி விளையாட்டு எட்டியது. ஆனால் இலவசம் என்று சொல்லப்படுவதன் விலை வாசலில் எழுதப்படுவதில்லை. உள்ளே சென்ற பின்பே கேட்கப்படுகிறது. வீரனுக்குப் புது உடை, துப்பாக்கிக்குப் புது வண்ணம், திறந்து பார்த்தால்தான் தெரியும் புதையற் பெட்டி என ஒவ்வொன்றுக்கும் காசு. நண்பன் வாங்கிவிட்டான், நான் வாங்கவில்லை என்ற வெட்கமே அங்குத் தரகர்.

'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்னும் விளையாட்டு 2021 ஜூலையில் இந்நாட்டில் வெளிவந்தது. பதினெட்டு வயது நிரம்பாதோர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் விளையாடக் கூடாது என்றும், 7,000 ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது என்றும் அதற்கு வரம்பு வைத்தார்கள். பாதுகாப்புக்கென வைத்த வரம்புதான், நன்று. ஆனால் அவ்வாண்டின் நூறு நாள் வேலைக் கூலியான 273 ரூபாயால் அதை வகுத்துப் பாருங்கள். சிறுவன் ஒருவன் ஒரே நாளில் செலவிடலாம் என்று விடப்பட்ட தொகை, அவன் தாயின் இருபத்தைந்து நாள் உழைப்புக்கும் மேல்! இவ்வரம்பை நிர்ணயித்தோர் நம் ஊர் வயல்வரப்பைக் கண்டிரார் என்றே எண்ணத் தோன்றுகிறது.

பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டம் இவற்றினும் கொடிது. அது விளையாட்டே அன்று. அதைக் கட்டுப்படுத்த தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பண விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. சட்டம் வாசலைக் காக்கலாம். வீட்டுக்குள் காவல் பெற்றோரே.

ஆகவே குடும்பங்கள் செய்யத்தக்கன யாவை? முதலாவது, கணக்கை மறைக்காதீர்கள். "காசு இல்லை, போ!" என்று விரட்டுவதால் பிள்ளை தன் வீட்டைக் குறித்து வெட்கப்படக் கற்றுக்கொள்கிறான். அதற்கு மாறாக, இரவு செபமாலைக்குப் பின் தாளும் பேனாவும் எடுத்து அவனை அருகே அமர்த்துங்கள். இப்பொருளின் விலை இது, அப்பாவின் ஒரு நாள் கூலி இது, வகுத்துச் சொல் என்று அவனையே கணக்கிடச் செய்யுங்கள். விடையை அவன் வாயால் சொல்லும்போது, அவன் இழப்பது ஒரு பெட்டியை. பெறுவது தந்தையின் உழைப்பைப் பற்றிய மதிப்பை. வாங்கும் வசதி உள்ள வீட்டிலும் இக்கணக்கைப் போடுங்கள். வளைகுடா நாடுகளின் வெயிலில் உழைக்கும் தந்தையர், பிரிந்திருக்கும் துயரை ஈடுசெய்ய விலையுயர்ந்த பொருள்களை அனுப்புவது இயல்பே. ஆனால் அப்பொருளுக்குள் எத்தனை நாள் வெயில் அடங்கியிருக்கிறது என்பதைப் பிள்ளை அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, வங்கிக் கணக்குடன் இணைந்த கைப்பேசியைக் கடவுச்சொல்லோடு பிள்ளையிடம் ஒப்படைக்காதீர்கள். பிள்ளையை நம்பாததால் அன்று. வயது வந்தோரையும் மயக்கும் சந்தைக்குள் சிறுவனைத் தனியே அனுப்பலாகாது என்பதால்.

மூன்றாவது, ஒருவர் வாங்க முடியாததைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம். துரின் நகரின் ஏழைச் சிறுவர்களுக்குப் புனித ஜான் போஸ்கோ முதலில் திறந்துவிட்டவற்றுள் விளையாட்டுத் திடலும் ஒன்றன்றோ! நம் கோயில் முற்றமும் மாலை வேளைகளில் வெறுமையாய்க் கிடக்க வேண்டியதில்லை. சடுகுடுவுக்கும் கிட்டிப்புள்ளுக்கும் எந்த நாட்டிலும் சுங்கவரி கிடையாது. ஒரு வலையும் ஒரு பந்தும் வாங்கினால் இருபது பிள்ளைகள் ஓராண்டு விளையாடலாம்.

நான்காவது, அளவு. 2025 செப்டம்பர் 7ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுத்திஸ், 2006இல் தம் பதினைந்தாம் வயதில் இறைவனடி சேர்ந்த இளைஞர். அவரிடம் விளையாட்டுப் பெட்டி இருந்தது. அதை அவர் விரும்பினார். எனினும் வாரத்துக்கு ஒரு மணி நேரமே விளையாடுவது என்று தமக்குத் தாமே வரையறுத்துக்கொண்டார். இல்லாதவனுக்கு இல்லாமை தரும் கட்டுப்பாட்டை, இருந்தும் அவர் தாமே ஏற்றார். நம் இளைஞர்க்கு இவரைவிடப் பொருத்தமான வழிகாட்டி ஏது?

சந்தை ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விலைச்சீட்டை ஒட்டட்டும். நம் வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பொருளையும் அதை ஈட்டிய கைகளைக் கொண்டு அளக்கும் ஞானத்தை நாம் இழக்காதிருப்போம். நாசரேத்தூர்த் தச்சுப் பட்டறையில் வளர்ந்த இயேசு, உழைக்கும் நம் பெற்றோரையும் விளையாடும் நம் பிள்ளைகளையும் ஒருங்கே ஆசீர்வதிப்பாராக.