கல்லறைக்கு வாரிசுகள் உண்டு, சிலுவைக்கு?

சாந்தோம் பேராலயத்துக்கு வருகிறவர்கள் முதலில் தேடுவது கல்லறையைத்தான். போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் இருந்த இடத்தில், 1896-ல் முடிக்கப்பட்ட இன்றைய கோதிக் கட்டடத்தின் அடியில், அப்போஸ்தலர் தோமையாரின் கல்லறை என்று நம்பப்படும் இடம் இருக்கிறது. மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்தக் கடற்கரையில் அவர் கல்லறை இருப்பதாக எழுதிவைத்தார். 1986-ல் போப் இரண்டாம் யோவான் பவுல் இங்கே வந்து வணங்கினார். அங்கிருந்து அடையாற்றின் கரையோரம் சின்னமலை. அவர் ஒளிந்திருந்த குகை என்கிறார்கள். அதற்கும் அப்பால் பரங்கிமலை. அவர் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்ட இடம் என்கிறார்கள். ஒரு மனிதனின் துன்பத்துக்கு இந்த நகரம் மூன்று தலங்களை ஒதுக்கியிருக்கிறது.

தோமையார் வந்தாரா, வரவில்லையா என்ற வழக்கில் நான் இறங்கப்போவதில்லை. அது தமிழில் போதும் போதும் என்கிற அளவுக்கு நடந்துவிட்டது. ஒரு தரப்பு கல்லறையைக் காட்டி, ‘ஈராயிரம் ஆண்டுகளாக நாங்கள் இந்த மண்ணுக்கு உரியவர்கள்’ என்கிறது. மறு தரப்பு அந்தக் கல்லறையைப் பொய் என்று நிறுவிவிட்டால் கிறித்தவர்களின் உரிமையே பொய்த்துவிடும் என்று நினைக்கிறது. எதிரெதிராக நிற்பதாகத் தோன்றும் இவ்விரு தரப்புக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. கிறித்தவனின் மரபுரிமை என்பது மண்ணுக்கடியில் இருக்கும் ஒரு சொத்து, பத்திரம் யாரிடம் இருக்கிறதோ அவருக்கே அது சொந்தம் என்று இருவருமே நம்புகிறார்கள்.

பவுல் அப்படி நம்பவில்லை. ரோமருக்கு எழுதிய கடிதத்தின் எட்டாம் அதிகாரத்தில் அவர் வாரிசுரிமை பற்றிப் பேசுகிறார். அங்கே வாரிசு என்பதற்கு அடையாளம் ஒன்றே. கிறிஸ்துவோடு பாடுபடுகிறவன் அவரோடு உடன்வாரிசு. கல்லறையோ குலமோ கட்டடமோ அந்தப் பேச்சிலேயே இல்லை. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு சென்னை நகரத்தில் வாரிசுகளைத் தேடினால் நாம் சாந்தோமில் நிற்கமாட்டோம். சாலையோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் போய் நிற்போம்.

அவர் பெயர் சூசை. இந்திய அரசியல் சட்டம் படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர். நம் இலக்கியவாதிகளுக்கு அவ்வளவாகத் தெரியாத பெயர். ஆதிதிராவிடச் சமூகத்தில் பிறந்து கிறித்தவரானவர். 1980-களின் தொடக்கத்தில், சென்னைச் சாலையோரங்களில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து செருப்புத் தைப்பவர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடைகள் வழங்க அரசு ஒரு திட்டம் வகுத்தது. திட்டம் பட்டியல் சாதியினருக்கு மட்டும். சூசைக்கு அந்தப் பெட்டி கிடைக்கவில்லை. தொழில் அதே தொழில், சாதி அதே சாதி. பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவருக்குக் கிடைத்தது, இவருக்கு இல்லை. இடையில் இருந்த வேறுபாடு ஞானஸ்நானம் ஒன்றுதான்.

காரணம் 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி. இந்து அல்லாத மதத்தைச் சேர்ந்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது அது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு என்பது உண்மை. ஆனால் பட்டியல் சாதிக்குரிய இட ஒதுக்கீடு இல்லை, தனித்தொகுதியில் போட்டியிட முடியாது. ஊர்த்தெருவில் சாதியைச் சொல்லி அடிபட்டாலும் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்காக வராது. அடிப்பவன் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டு அடிப்பதில்லை.

சூசை உச்சநீதிமன்றம் போனார். 1985-ல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது என்றது நீதிமன்றம். பழைய மதத்தில் அந்தச் சாதியால் அனுபவித்த இழிவுகள் புதிய மதத்திலும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று நிறுவ வேண்டும். கிறித்தவ சமூகத்தின் இன்றைய நிலைமை பற்றி அதிகாரபூர்வமான, விரிவான ஆய்வு எதுவும் தன்முன் வைக்கப்படவில்லை என்றும் அது சொன்னது. மனு தள்ளுபடியானது.

இந்தத் தீர்ப்பை வெறும் சட்டச் செய்தியாகப் படிப்பது தவறு. தமிழ்க் கிறித்தவ வரலாற்றின் ஆகக் கசப்பான உவமைக்கதை இது. துன்பப்படுகிற ஒருவனிடம், ‘நீ துன்பப்படுகிறாய் என்பதற்குச் சாட்சி எங்கே?’ என்று கேட்கப்படுகிறது. சாட்சி இருக்கிறது, அவனுடைய சொந்தத் திருச்சபையிடம். ஆனால் அந்தச் சாட்சி வாயைத் திறக்க வேண்டுமானால் தனக்கெதிராகவே பேச வேண்டும்.

அது என்னவெல்லாம் பேசியிருக்க முடியும் என்று பாருங்கள். தேவசகாயத்தை எடுத்துக்கொள்வோம். நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்டன், 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். கைதாகி, எருக்கம்பூ மாலையோடு எருமைமேல் ஏற்றப்பட்டு ஊர் ஊராக அலைக்கழிக்கப்பட்டார் என்கிறது மரபு. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாதி பாராமல் எல்லோரோடும் பழகினார் என்பது அவர்மேல் எழுந்த கோபத்துக்குக் காரணங்களில் ஒன்றாக நினைக்கப்படுகிறது. 2022 மே 15-ல் ரோம் அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அப்போது ‘பிள்ளை’ என்ற ஒட்டு அவர் பெயரிலிருந்து கைவிடப்பட்டது. நல்ல காரியம்.

ஆனால் அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னாளில் எழுந்த தேவாலயத்துக்குள் சாதியினரையும் மற்றவர்களையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. 1910-ல் அருள்தந்தை கௌசானல் அதை இடித்தார். சுவர் வேண்டும் என்று கேட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். அது சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்து தோற்றது. வெள்ளாளரும் முதலியாரும் பரலோகம் போகும் வழியில் தனி வாசல் கேட்டு நீதிமன்றப் படியேறிய காட்சி இந்த நகரத்தில்தான் நடந்தது. பெயரிலிருந்து சாதியை எடுப்பதற்கு 2022 வரை காத்திருந்தோம் என்றால், கல்லறைத் தோட்டத்திலிருந்து எடுப்பதற்கு எந்த ஆண்டு வரை காத்திருக்கப்போகிறோம்? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் பிணங்களுக்கு நடுவே நின்ற சுவர் பற்றி எத்தனை போராட்டங்கள் நடந்தன! 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி மூண்ட மோதலில் போலீஸ் சுட்டு இருவர் இறந்தார்கள். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் ஒரே செபமாலையைக் கையில் வைத்திருந்தவர்கள்.

இலக்கியம் இந்தச் சாட்சியத்தை எப்போதோ சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்து ஏழு ஆண்டுகளில், 1992-ல், பாமாவின் ‘கருக்கு’ வந்தது. கன்னியர் மடத்துக்குள்ளேயும் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை, அதிலிருந்து வெளியேறிய ஒருத்தியே எழுதினார். 1994-ல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ தலித்துகளுக்கும் கீழே வைக்கப்பட்ட புதிரை வண்ணார் குடும்பத்தை நமக்குக் காட்டியது. அதன் நாயகி ஆரோக்கியம் மாதாவை வேண்டிக்கொண்டே ஊர்ச்சோறு எடுக்கிறாள். 2002-ல் ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’, படித்த தலித் கிறித்தவ இளைஞனின் அலைச்சலை எள்ளலோடு எழுதியது. நம் விமரிசகர்கள் இவற்றின் மொழியை வியந்தார்கள், வடிவத்தை விவாதித்தார்கள். ‘அதிகாரபூர்வமான ஆய்வு இல்லை’ என்ற நீதிமன்ற வாக்கியத்துக்கு இந்த நாவல்களே பதில் என்பதைச் சொன்னவர்கள் மிகச் சிலர்.

வழக்கமாக வரும் எதிர்வாதங்களை நான் அறிவேன். ‘கிறித்தவத்தில் சாதி இல்லை என்று சொல்லித்தானே மதம் மாற்றினீர்கள், இப்போது சாதிச் சலுகை எதற்கு?’ என்பது முதலாவது. சீக்கியத்திலும் பௌத்தத்திலும் கோட்பாட்டளவில் சாதி இல்லை. அங்கே பொருந்தாத வாதம் இங்கே மட்டும் எப்படிப் பொருந்துகிறது? இன்னொன்று. மதம் மாறியவர் திரும்ப இந்துவாகி, அவருடைய சாதியாரும் ஏற்றுக்கொண்டால், பட்டியல் சாதித் தகுதி அவருக்குத் திரும்பக் கிடைக்கும் என்று உச்சநீதிமன்றமே பலமுறை சொல்லியிருக்கிறது. செத்துப்போன சாதி எப்படி எழுந்து வந்தது? சாகவே இல்லை என்பதுதானே பொருள்!

‘வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவராதீர்கள், எதிரிகள் கையில் ஆயுதம் கொடுக்காதீர்கள்’ என்பது திருச்சபைக்குள்ளிருந்து வரும் இரண்டாவது குரல். தெருவில் உட்கார்ந்திருந்தவர் சூசை. அவருக்கு வீடு எது, தெரு எது?

மூன்றாவதுதான் எனக்கு உண்மையிலேயே கோபமூட்டுவது. ‘விசுவாசத்துக்காகப் பாடுபடுவது பாக்கியம், சுதந்தரம் பரலோகத்தில் இருக்கிறது’ என்ற பிரசங்கம். அதைச் சொல்லும் உரிமை பாடுபட்டவருக்கு உண்டு. சிறையிலிருந்து எழுதிய பவுலுக்கு உண்டு. பாட்டுக்குக் காரணமாக இருப்பவருக்குக் கிடையாது. தோமையாரின் ஈட்டியும் தேவசகாயத்தின் குண்டும் வெளியிலிருந்து வந்தவை. தலித் கிறித்தவனின் துன்பத்தில் பாதி அரசிடமிருந்து வருகிறது, மீதிப் பாதி பக்கத்து இருக்கையிலிருந்து வருகிறது. தன் தம்பியின் தோளில் மரத்தை ஏற்றிவைத்துவிட்டு, ‘சிலுவை சுமப்பது எவ்வளவு மேன்மை பார்’ என்று அவனுக்கே போதிப்பது ஆன்மிகம் அல்ல.

அடையாறில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு இரண்டு பெயர்கள். கோயிலில் ஒன்று, சான்றிதழில் ஒன்று. நற்கருணை வாங்கும்போது ஒரு பெயரால் அழைக்கப்படுவார், சம்பளம் வாங்கும்போது இன்னொன்றால். ‘பேதுரு மூன்று தரம் மறுதலித்தார், நான் மாதம் ஒரு தரம்’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார். 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்தின்மேல் செய்யும் மோசடி என்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்தபோது அவர் சிரிக்கவில்லை. இரண்டு பெயர்களோடு வாழ்வதில் பொய் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒருவனுடைய விசுவாசத்துக்கும் அவன் பிள்ளையின் படிப்புக்கும் நடுவே கத்தியை வைத்துவிட்டு, வெட்டுப்பட்டவனை மட்டும் மோசடிக்காரன் என்பது என்ன நியாயம்?

நியாயமாகச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். சபைகள் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கின்றன. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022-ல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை தலித் கிறித்தவர்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. 2016-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே, தன் 1.9 கோடி மக்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்றும் எழுத்தில் ஒப்புக்கொண்டது. சூசை கேட்டுப்போன சாட்சியம் அதுதான். வந்து சேர 31 ஆண்டுகள் ஆயின.

அந்த ஒப்புதல் காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் தரப்பு. ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் பள்ளி, கல்லூரிகளில் ஆசிரியர் எவர், குருமடத்தில் மாணவர் எவர், கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பக்கம் யார் புதைக்கப்படுகிறார் என்று தானே கணக்கெடுத்து, தானே அச்சிட்டு, நீதிமன்றத்தின் முன் வைக்கட்டும். அரசிடம் ‘எங்கள் மக்களுக்குச் சலுகை கொடு’ என்று கேட்பது எளிது. ‘நாங்களும் குற்றவாளிகள், ஆகவே கொடு’ என்று கேட்பது கடினம். ஆனால் பாவசங்கீர்த்தனத்தை ஓர் அருட்சாதனமாக வைத்திருக்கிற சபைக்கு அது தெரியாத வித்தை அல்ல.

ஜூலை 3 தோமையார் திருநாள். உயிர்த்தெழுந்தவரின் காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று சொன்னவர் அவர். அவரைச் சந்தேகப் பிராணி என்று கேலி செய்கிறோம். எனக்கென்னவோ, அன்று அந்த அறையில் இருந்தவர்களில் சரியான இடத்தில் கை வைக்கக் கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று படுகிறது. அவர் கல்லறையைத் தொட்டுக் கும்பிடுகிறவர்கள் அவர் கேட்டதையும் ஒருமுறை கேட்கட்டும். காயம் தொலைவில் இல்லை.