கட்டாயமில்லாத சான்றிதழும் திறக்காத அறுவை அரங்கும்

அமெரிக்கப் பாத மருத்துவர்களுக்குப் போர்டு எனப்படும் துறைத் தேர்வுக் குழு தரும் சான்றிதழ் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "மாநில லைசென்ஸ் இருந்தால் தொழில் செய்யலாம். சான்றிதழ் அவரவர் விருப்பம். அது யார் பிழைப்பையும் கெடுப்பதில்லை." ஏட்டளவில் இது சரி. நடப்பு வேறு.

கிளினிக் திறக்க லைசென்ஸ் போதும்தான். ஆனால் சர்க்கரை நோயாளி ஒருவர் கறுத்துப்போன கால்விரலோடு வருகிறார், சீழ் எலும்புவரை இறங்கிவிட்டது என்றால், தாமதிக்காமல் அந்த விரலை எடுத்தாக வேண்டும். அதற்கு மருத்துவமனையின் அறுவை அரங்கு வேண்டும். அரங்குக்குள் கத்தி எடுக்க அந்த மருத்துவமனையின் அனுமதி வேண்டும். பல மருத்துவமனைகள் போர்டு சான்றிதழைக் கேட்பது அங்கேதான். நான்கு ஆண்டுக் கல்லூரிப் படிப்பையும் ரெசிடென்சி என்னும் மூன்று ஆண்டு மருத்துவமனைப் பயிற்சியையும் முடித்தவர்கூட அந்த வாசலில் நின்றுவிடலாம். நியூயார்க்கில் மாநிலச் சட்டமே போர்டைக் கேட்கிறது: 2014இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பாத மருத்துவர் கணுக்காலில் அறுவை செய்யத் தனி அனுமதி பெற வேண்டும், அதற்குப் போர்டுத் தகுதியும் ஒரு நிபந்தனை.

"மத்திய அரசின் விதி பாதுகாக்கிறதே" என்பார்கள். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரிலிருந்து பணம் பெறும் மருத்துவமனை, சான்றிதழை மட்டுமே வைத்து அனுமதியை முடிவுசெய்யக் கூடாது என்று விதி இருப்பது உண்மை. ஆனால் அந்த 'மட்டுமே'யில்தான் ஓட்டை. கூட இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துவிட்டால், சான்றிதழ் இல்லாதவரை நிறுத்திவைக்க வழி கிடைத்துவிடுகிறது.

"திறமைசாலி வாங்கிவிட்டுப் போகட்டுமே" என்ற வாதம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. அறுவைக்கான போர்டு, எழுத்துத் தேர்வோடு நிற்பதில்லை. பயிற்சி முடிந்தபின் தானே செய்த அறுவைகளின் பதிவுகளை, வகைவகையாக, கேட்கிறது. தேர்வில் தேறியபின் சான்றிதழுக்கு முன்னால் கிடைக்கும் போர்டுத் தகுதிநிலை ஏழு ஆண்டுதான். அதற்குள் அத்தனை வகையும் சேர வேண்டும். நகரத்துப் பெரிய குழுவில் இருப்பவருக்குச் சேரும். சிற்றூரில் நாள் முழுக்கப் பாதப்புண் சுத்தம் செய்து, கால்களை வெட்டவிடாமல் காப்பாற்றுகிறவருக்கு, போர்டு கேட்கும் வகைகள் எங்கிருந்து வரும்? அறுவைக்கு அனுமதி இல்லையென்றால் பதிவு சேராது. பதிவு இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் மறுபடி அனுமதி இல்லை.

போர்டும் ஒன்றல்ல. அறுவைக்கு ஒன்று, பாத மருத்துவத்துக்கு இன்னொன்று. இரண்டும் அங்கீகாரம் பெற்றவை. இருந்தும் சில மருத்துவமனைகள் முதலாவதை மட்டும் ஏற்கின்றன. இரண்டாவது போர்டின் சான்றிதழ் பெற்றவரும் ரெசிடென்சியில் அறுவை கற்றவர்தானே!

நோயாளியின் பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சோதிக்க நேரான வழிகள் இருக்கின்றன. கடந்த இரண்டாண்டில் அவர் செய்த அறுவைகள் எவை, எத்தனை புண் சீழ்பிடித்தது, எத்தனை பேருக்கு மறுபடி கத்தி வைக்க நேர்ந்தது என்று கேட்கலாம். புதிதாக வருபவரின் முதல் சில அறுவைகளை மூத்தவர் ஒருவர் உடனிருந்து பார்ப்பதும் மருத்துவமனைகளில் ஏற்கெனவே உள்ள வழக்கம்தான்.