கோலார் தங்கவயலும் ‘நட்டம்’ என்னும் பொய்யும்

மும்பை கிங்ஸ் சர்க்கிளில் அரோரா அரங்கில் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகளுக்குக் கோலார் தங்கவயல் என்றால் இன்று ஒரு திரைப்படத்தின் பெயர்தான். 2018இலும் 2022இலும் இரண்டு பாகங்களாக வெளிவந்து கோடிகளைக் குவித்த அந்தப் படத்தில், எழுபதுகளின் தங்கச் சுரங்கம் ஒரு கொடுங்கோலனின் தனிச்சொத்து. தொழிலாளர்கள் வாயில்லா அடிமைகள். துப்பாக்கி ஏந்திய ஒருவன் வந்து அவர்களை மீட்கிறான். உண்மையில் தங்கவயல் 1956இலேயே அரசுடைமையாகிவிட்டது. படம் சித்திரிக்கும் அதே ஆண்டுகளில் அங்கே தொழிற்சங்கங்கள் இருந்தன, பேச்சுவார்த்தை இருந்தது, வேலைநிறுத்தம் இருந்தது. சங்கத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் சாகச வீரனை நிறுத்துவது வெறும் கற்பனைச் சுதந்திரம் அன்று. பொதுத்துறை என்று ஒன்று அங்கே இருந்தது என்பதையே மக்கள் நினைவிலிருந்து துடைக்கும் வேலை அது.

பெங்களூருவிலிருந்து கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர, தமிழக எல்லைகளை ஒட்டி இருக்கிறது தங்கவயல். ஊர்கள் சுரங்கத்தால் வளர்ந்தவை: சாம்பியன் ரீஃப், உரிகம், மாரிகுப்பம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை. 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே காலூன்றியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சாதிக் கொடுமைக்கும் பஞ்சத்துக்கும் தப்பி வந்தவர்கள் பூமிக்குள் இறங்கினார்கள். பெரும்பாலோர் தலித்துகள், தமிழர்கள். 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் முதலில் சுரங்கத்துக்குத்தான் வந்தது. பெங்களூரு நகரத் தெருவிளக்குக்கு அது வர மேலும் மூன்றாண்டுகள் ஆயின. அந்த மின்சாரம் தொழிலாளியின் மூங்கில் தட்டிக் குடிசைக்கு எப்போது வந்தது என்பது வேறு கதை.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசுக்கு மேல். பாறை வெடித்துச் சிதறுவதை அங்குள்ளவர்கள் ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். வீட்டுக்குள் பாத்திரங்கள் அதிர்ந்தால் பெண்கள் சுரங்க வாயிலுக்கு ஓடிய ஊர் அது. வெடிப்பில் சாகாதவர்களின் நுரையீரலைச் சிலிக்கா தூசி தின்றது. ஆயினும் இந்தத் தொழிலாளர்கள் வாய் மூடி இருந்தவர்கள் அல்லர். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். குற்றவாளிக்குரிய அடையாளத்தைத் தொழிலாளிமீது சுமத்தாதே என்பதே அவர்களுடைய வாதம். 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிரீந்தனர்.

இந்தச் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28 அன்று ஒன்றிய அரசு மூடியது. அப்போது ஆண்டுகொண்டிருந்தது வாஜ்பாய் அரசு. காரணம் ஒரே சொல்: நட்டம்.

அந்தச் சொல்லை விசாரிக்க வேண்டும். தாதுவில் தங்கத்தின் அளவு குறைந்துவிட்டது, ஆழம் கூடக் கூடச் செலவும் கூடியது என்பவை உண்மை. மறுப்பதற்கில்லை. ஆனால் கணக்கின் மறுபக்கம் என்ன? அரசுடைமையான பிறகு நீண்ட காலம் தங்கவயலின் தங்கத்தை அரசு எடுத்துக்கொண்டது சந்தை விலைக்கு அன்று. பன்னாட்டு நாணய நிதியத்தின் அவுன்சுக்கு 35 டாலர் என்னும் விலைக்கே. உள்நாட்டுச் சந்தையில் விலை அதைவிடப் பன்மடங்கு உயர்ந்திருந்தது. வேறுபாடு முழுவதும் நாட்டின் கருவூலத்துக்குப் போயிற்று. நட்டம் மட்டும் சுரங்கத்தின் பேரேட்டில் எழுதப்பட்டது. மூடிய மாதத்தில் உலகச் சந்தையில் அவுன்சு 260 டாலர் அளவில் கிடந்தது. இருபது ஆண்டுகளின் மிகத் தாழ்ந்த விலைகளுள் ஒன்று அது. 2020இல் அது 2000 டாலரைத் தாண்டிற்று. தரையைத் தொட்ட விலையை வைத்து ஒரு நூற்றாண்டுச் சுரங்கத்துக்குத் தீர்ப்பு எழுதினார்கள். 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேல் தங்கம் தந்த ஊரில், எஞ்சியிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இறைப்பான்கள் நின்றன. சுரங்கங்களில் நீர் நிறைந்தது.

சுரங்கத்தின் அறிவியல் மதிப்பும் அந்தக் கணக்கில் சேரவில்லை. 1965இல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, சாம்பியன் ரீஃப் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டார்கள்.

அந்த டர்ஹமும் சுரங்க மாவட்டந்தான், அங்கே நிலக்கரி. 1919இல் பிரிட்டனிலேயே முதன்முதலாகத் தொழிற்கட்சி கைப்பற்றிய மாவட்ட மன்றம் அதனுடையது. 1984-85ஆம் ஆண்டுகளின் பெரும் வேலைநிறுத்தத்தை தாட்சர் அரசு முறியடித்தது. 1993இல் ஈசிங்டன் சுரங்கம் மூடப்பட்டது. சங்கக் கொடிகள் இன்றும் ஜூலைத் திருவிழாவில் ஊர்வலம் போகின்றன. ஆனால் 2025 மே மாதம் அதே மாவட்ட மன்றத்தை, குடியேறிகள்மீது வெறுப்பைக் கக்கும் ரிஃபார்ம் யு.கே. கட்சி கைப்பற்றியது. கம்யூனிஸ்டுகளைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தங்கவயல் 2008இலும் 2013இலும் பாஜகவைத் தேர்ந்தெடுத்தது என்பதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மக்கள் மாறிவிட்டார்கள் என்று அங்கலாய்ப்பது நமக்கு எளிது. சுரங்கம் மூடியபின் அந்தத் தெருக்களில் நாம் எத்தனை நாள் இருந்தோம் என்று கேட்பது கடினம்.

மூடுவது என்றாலே கைவிடுவதுதான் என்பாருக்கு ஜெர்மனியின் ரூர் பகுதியே பதில். அங்கே கடைசிக் கரிச்சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. படிப்படியாக, கட்டாய ஆட்குறைப்பு இன்றி மூடினார்கள். கைவிட்ட சுரங்கங்களின் நீரைக் காலமெல்லாம் இறைக்க 2007இலேயே ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. அங்கே நடப்பதும் முதலாளித்துவ ஆட்சிதான். வேறுபாட்டை உண்டாக்கியது சங்கத்தின் வலிமை.

தங்கவயலில் எஞ்சியவை சயனைடு மேடுகள். தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண், சுமார் 33 மில்லியன் டன், மலைகளாகக் குவிந்து கிடக்கிறது. காற்றடி காலத்தில் அது வீடுகளுக்குள் பறக்கிறது. தூசிக்கு இருபது ஆண்டுகளாக மருந்து காணாதவர்கள் இப்போது அந்த மேடுகளில் தங்கம் கண்டுவிட்டார்கள். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, 1003 ஏக்கர் பரப்பிலுள்ள 13 மேடுகளைத் தோண்ட இசைவு தந்தது. காங்கிரசு ஆட்சியின் இசைவு, பாஜக ஒன்றிய அரசின் திட்டம்; இதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் கிடைத்தாலும் இன்றைய விலையில் இலாபம்.

மும்பைத் தோழர்களுக்கு இது புதிதன்று. தங்கவயல் மூடப்பட்ட அதே 2001இல்தான், கிங்ஸ் சர்க்கிளுக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் உள்ள பரேல் ஆலை நிலங்களுக்கான விதி திருத்தப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு திறந்த வெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கு என்றிருந்ததை, காலியாகக் கிடக்கும் நிலத்துக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். ஆலைத் தொழிலாளியின் வீடு ஆடம்பரக் கோபுரத்தின் நிழலில் காணாமற் போயிற்று. தாராவியில் அதானிக்காக இன்று தகுதியுள்ளவர், தகுதியற்றவர் என்று பிரிக்கிறார்கள். உழைப்பு போனபின் நிலத்துக்கு வரும் வேட்டை மூன்று இடத்திலும் ஒன்றே.

தங்கவயலின் பிள்ளைகள் இன்று விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரு போய், இருட்டியபின் திரும்புகிறார்கள். கட்டுமானம், காவல் பணி, ஆயத்த ஆடை, கடைகள் என எதிலும் நிரந்தரம் இல்லை. அந்த ரயில் பெட்டிகளிலிருந்துதான் சங்கத்தை மீண்டும் தொடங்க வேண்டும். ஏலத்துக்கு முன்பாகவே கேட்க வேண்டியவை உள்ளன: குடியிருக்கும் வீட்டுக்கு உரிமைப் பத்திரம், மேடுகளில் வரும் வேலையில் உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை, நுரையீரல் நோயாளிகளுக்கு மருத்துவமும் இழப்பீடும், எடுக்கப்படும் தங்கத்தின் வருவாயில் ஊருக்கு ஒரு பங்கு.