மீட்கும் மருந்துக்கு இரட்டைப் பூட்டா?

மருத்துவர் தரும் சீட்டை மருந்துக் கடைக்காரர் சரிபார்க்க வேண்டும் என்பதில் இருவேறு கருத்து இருக்க முடியாது. ஆனால் அந்தச் சோதனை யாரைக் காக்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அமெரிக்காவின் அனுபவத்தையே சான்றாகக் காட்டுவேன்.

அபின் வகைப் போதைக்கு அடிமையானோரை மீட்க உதவும் மருந்து பியூபிரநார்பின். 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே இதை எழுத மருத்துவருக்குத் தனி அனுமதி தேவைப்பட்டது. 8 மணி நேரப் பயிற்சி, தொடக்கத்தில் 30 நோயாளிகள் என்ற வரம்பு, 'எக்ஸ்' எழுத்தில் தொடங்கும் தனிப் பதிவெண் எனக் கட்டுப்பாடுகள் பல. அந்த எண்ணைக் கடைக்காரர் சீட்டில் தேடுவார்.

கணிதம் பயிலும் எனக்கு அந்நாட்டு மருத்துவர் பதிவெண்ணின் அமைப்பு வியப்பூட்டியது. இரண்டு எழுத்துகள், ஏழு இலக்கங்கள். 1, 3, 5-ஆம் இலக்கங்களின் கூட்டுத்தொகையோடு, 2, 4, 6-ஆம் இலக்கங்களின் கூட்டுத்தொகையை இரட்டித்துச் சேர்த்தால், விடையின் கடைசி இலக்கமே ஏழாவது இலக்கம். போலியைப் பிடிக்க நல்ல வழிதான். ஆயினும் கணக்குச் சரியானால் எண் ஒழுங்கானது என்று மட்டுமே பொருள். எழுதியவருக்கு உரிமை உண்டா என்பதைப் பதிவேடுதான் சொல்லும். ஐயமிருப்பின் மருத்துவரையே தொலைபேசியில் கேட்கலாம்.

இதுவரை குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் ஆக்சிகோடோன் போன்ற வலி மருந்தை எழுதச் சாதாரணப் பதிவே போதுமாயிருந்தது! பலரை அடிமையாக்கிய மருந்துக்கு ஒரு பூட்டு. மீட்கும் மருந்துக்கு இரண்டு பூட்டு. இது எந்த ஊர் நியாயம்? 2021-இல் மட்டும் அந்நாட்டில் போதைப்பொருள் மிகையால் இறந்தோர் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களுள் பெரும்பாலோர் அபின் வகைக்குப் பலியானவர்கள்.

2022 டிசம்பரில் அத்தனி அனுமதியை நீக்கினர். நோயாளி வரம்பும் போயிற்று. மூன்றாம் அட்டவணை மருந்துகளை எழுதும் உரிமையுள்ள பொதுப் பதிவு இப்போது போதும். காலம் கடந்து வந்த நீதி இது.

மருந்து கள்ளச் சந்தைக்குப் போகாதா என்று சிலர் கேட்கலாம். அந்த அச்சம் பொய்யன்று. அதற்காகத்தான் பொதுச் சோதனை இருக்கிறது. ஆனால் கடைவாசலில் திருப்பி அனுப்பப்பட்டவன் போகும் தெருமுனையில் எந்த எண்ணையும் எவரும் பார்ப்பதில்லை என்பதையும் எண்ண வேண்டும்.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் இத்தகைய மேசைகளின் பின்னே அமரலாம். அங்கே சரிபார்க்க வேண்டியது எழுதியவரின் உரிமையை. வந்து நிற்பவரின் ஒழுக்கத்தை அல்ல.