ஒரு வீட்டுக்கு எதற்கு மென்பொருள்?

முதல் வீட்டை வாடகைக்கு விடும் நாளிலேயே சொத்து மேலாண்மை மென்பொருளுக்குச் சந்தா கட்டிவிட வேண்டும், இல்லையேல் வரிக் கணக்கில் சிக்குவோம் என்கிறார்கள். ஒற்றை வீட்டுக்காரருக்கு இது தவறான அறிவுரை.

நம் வரிச் சட்டம் என்ன கேட்கிறது? ஆண்டு வாடகையில் உரிமையாளர் கட்டிய சொத்து வரியைக் கழித்தபின், மீதியில் 30 சதவீதத்தை அப்படியே விட்டுவிடுகிறது. வெள்ளையடித்த பில், குழாய் மாற்றிய பில் எதையும் அது கேட்பதில்லை. வீட்டுக் கடன் வட்டிக்கு வங்கியே சான்றிதழ் தருகிறது. அமெரிக்க உரிமையாளரோ ஒவ்வொரு செலவையும், 27.5 ஆண்டுத் தேய்மானத்தையும் 'ஷெட்யூல் ஈ' படிவத்தில் காட்ட வேண்டும். அவருக்காக எழுதப்பட்ட மென்பொருளுக்கு நாம் ஏன் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும்?

அட்வான்ஸை வருமானத்தோடு கலந்துவிடுவோம் என்ற அச்சம் நியாயமானதே. அது திருப்பித் தரவேண்டிய கடன். ஆனால் அதற்கு எக்செல் தாளில் தனிப் பத்தி ஒன்று போதும். வாடகை மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால், குடியிருப்பவர் பிடிக்கும் டிடிஎஸ்ஸுக்கு இன்னொரு பத்தி.

பத்துப் பன்னிரண்டு வீடுகள் இருந்தால் மென்பொருள் உதவும். அப்போதும், கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாதென்றால் வாங்காதீர்கள்.

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். புதிய உரிமையாளரின் முதல் செலவு அதற்கே போகட்டும்.