ஆப் கொடுத்தா போதுமா?



செல்போன் பார்த்தால் தூக்கம் கெடும் என்று வீட்டில் திட்டுவாங்க. ஆனால் அமெரிக்காவில் படைவீரர்களின் தூக்கத்துக்காகவே செல்போன் ஆப் செய்திருக்காங்க, தெரியுமா?

2013-ல் 'சிபிடி-ஐ கோச்' என்ற ஆப் வந்தது. முன்னாள் படைவீரர் நலத்துறை, பாதுகாப்புத்துறை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து செய்தது. 2020-ல் 'இன்சோம்னியா கோச்' வந்தது. இரண்டும் இலவசம். எப்போ படுத்தோம், எப்போ தூங்கினோம், எத்தனை தடவை முழிச்சோம் என்று தினமும் அதில் குறிக்க வேண்டும். காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். தூக்கம் வரலைன்னா புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்துவிட வேண்டும். தூக்கம் வந்த பிறகுதான் திரும்பப் படுக்கணும். மாத்திரை இல்லாமல் பழக்கத்தை மாற்றும் வழி இது.

நல்ல விஷயம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். தூக்கம் வராதவருக்கு ஆப் உதவும். தூங்கவே நேரம் இல்லாதவருக்கு அது என்ன செய்யும்? ராத்திரி முழுக்கக் காவல் நின்றவரைக் காலையில் வேறு வேலைக்குக் கூப்பிட்டால், '3 மணி நேரம் தூங்கினேன்' என்று அதில் குறிக்கலாம். அவ்வளவுதான்! டூட்டி நேரம் மாறிக்கொண்டே இருந்தால் ஒரே நேரத்துக்கு எப்படி எழுவது?

இது சின்ன விஷயம் இல்லை. 2017-ல் 'ஃபிட்ஸ்ஜெரால்டு', 'ஜான் எஸ். மெக்கெய்ன்' என்ற இரண்டு அமெரிக்கப் போர்க்கப்பல்கள், இரண்டு மாத இடைவெளியில் வணிகக் கப்பல்களோடு மோதின. மொத்தம் 17 மாலுமிகள் இறந்துபோனார்கள். விசாரணையில் சொன்ன காரணங்களில் தூக்கமில்லாத களைப்பும் ஒன்று. அதன் பிறகுதான், உடம்பின் இரவு பகல் கணக்குக்கு ஏற்றபடி காவல் நேரத்தைப் பிரிக்கச் சொல்லிக் கடற்படை உத்தரவு போட்டது. 17 உயிர் போவதற்கு முன்னாடியே அதைச் செய்திருக்கலாமே!

2020-ல் அமெரிக்கத் தரைப்படையும் தன் உடல்நலக் கையேட்டில் உணவு, உடற்பயிற்சியோடு தூக்கத்தையும் சேர்த்தது. கையேட்டில் எழுதினால் மட்டும் போதாது, டூட்டி அட்டவணையிலும் அது இருக்கணும்.

என் கருத்து இதுதான். தூக்கமின்மையை அந்த வீரரின் குறையாக மட்டும் பார்க்கக் கூடாது. சாப்பாடு கொடுப்பது போல, தூங்கும் நேரத்தையும் அதிகாரிகள்தான் கொடுக்கணும். அதற்குப் பிறகும் தூக்கம் வரவில்லை என்றால் ஆப் கொடுங்கள், மருத்துவரிடமும் அனுப்புங்கள்.

நாம் நிம்மதியாகத் தூங்க வீரர்கள் விழித்திருக்கிறார்கள் என்று எல்லா நாட்டிலும் பெருமையாகச் சொல்கிறோம். அவங்க எப்போ தூங்குவாங்க என்று யாராவது கேட்கிறோமா?

– 9-ம் வகுப்பு மாணவி